புதன்கிழமை காற்பந்தும் பூனை தொடாத மீன் குழம்பும்

போன சனிக்கிழமை பாயா ரும்புட் சந்தையில் மீன் வாங்கிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் ஒரு பெண். முன்பின் பார்த்ததில்லை. என் முகத்தைப் பார்த்தாள். கையிலிருந்த கெம்போங் மீனைப் பார்த்தாள். மறுபடியும் முகத்தைப் பார்த்தாள்.

"ஆண்ட்டி, இந்தத் தடவையாச்சும் பூனை சாப்புடுமா?"

மீன்காரர் சிரிப்பை அடக்க முடியாமல், தேவையே இல்லாமல் ஐஸை அள்ளி அள்ளிக் கொட்டினார்.

எங்கள் வீட்டில் பூனை கிடையாது. எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. ஆனால் இன்றைக்கு மலாக்காவில் பாதிப் பேருக்கு என் பூனையைத் தெரியும்.

இத்தனை வருஷமாக இந்தப் பத்தியை எழுதுகிறேன். கடைத்தெருவில் யாராவது அடையாளம் கண்டு, "ஒங்க கட்டுரைய படிச்சேன்" என்று சொன்னால் அன்றைக்கு இரண்டு தோசை கூடுதலாகச் சாப்பிடுவேன். அப்படிச் சாப்பிட்ட நாட்கள் மிகக் குறைவு. என் உடம்பைப் பார்த்து யாரும் வேறு மாதிரி நினைத்துக்கொள்ள வேண்டாம். எழுத்து கொடுக்காத புகழை ஒரு மீன் குழம்பு கொடுத்துவிட்டது. காரணம் — புதன்கிழமை.

சொல்கிறேன்.

என் மகன் கதிர் நகரத்தில் ஒரு தனியார் கல்லூரியில் படிக்கிறான். படிக்கிறான் என்பது கல்லூரி சொல்வது. நான் பார்த்தவரை கோல்கீப்பராக நிற்கிறான். இரண்டு வருஷம் ரிசர்வ் பெஞ்சைத் தேய்த்தவனுக்கு இந்த வருஷம்தான் கோல் கம்பத்துக்கு நடுவில் நிற்க இடம் கிடைத்தது.

கல்லூரிகளுக்கு இடையிலான அந்தப் போட்டி முன்பெல்லாம் ஞாயிற்றுக்கிழமை மாலையில்தான் நடக்கும். காற்பந்து என்றால் நம் ஆட்களுக்குச் சொல்லவா வேண்டும்? மஸ்ஜித் தானா ஊருக்குப் பக்கத்து ரப்பர் தோட்டத்திலிருந்து ஒரு வேன் நிறைய வருவார்கள். எந்த ஜெர்சி எந்தக் கல்லூரி என்று வேனில் பாதிப் பேருக்குத் தெரியாது. அதனால் என்ன? இரண்டு பக்கமும் கத்துவார்கள். வடைக்காரர் வருவார். கைக்குழந்தைகள் வரும். கோல் கம்பத்துக்குப் பின்னால் ஒரு ஜாதகம் கைமாறியதை நானே கண்ணால் பார்த்திருக்கிறேன். பொருத்தம் பார்த்து, கல்யாணமும் நடந்துவிட்டது.

இந்த வருஷம் ஆட்டத்தைத் திடீரென்று புதன்கிழமை இரவுக்கு மாற்றிவிட்டார்கள். ஏன்? கல்லூரி விளையாட்டுப் பொறுப்பாளர் குணாவிடம் கேட்டேன். நல்ல மனிதர். எதைக் கேட்டாலும் நம்மைச் சின்னப் பிள்ளை மாதிரி உட்கார வைத்து விளக்குவார்.

"ஆண்ட்டி, சனி ஞாயிறுல பெரிய டீம் மேட்ச் எல்லாம் டிவில ஓடும். அப்ப நம்ம பசங்கள யாரு பாப்பா? புதன்கிழமை ஒண்ணுமே இல்ல. லைவ் போட்டோம்னா எல்லாரும் நம்மளத்தான் பாக்கணும். எக்ஸ்போஷர் ஆண்ட்டி, எக்ஸ்போஷர்."

"சரி தம்பி. தெடலுக்கு யாரு வருவா?"

"அதான் லைவ் இருக்கேலா."

கல்யாணத்துக்கு ஆட்களைக் கூப்பிடாமல் வீடியோக்காரரை மட்டும் கூப்பிட்ட மாதிரி இருந்தது எனக்கு. ஆனால் வாயை மூடிக்கொண்டேன். ஏனென்றால் குணா இன்னொன்றும் சொன்னார். மாநில இளையோர் அணிக்கு ஆள் எடுக்கிறவர் இந்த நேரலையைப் பார்க்கிறாராம். அவருக்கு ஒரு கோல்கீப்பர் வேண்டுமாம்.

அன்று இரவு கதிர் கையுறையைத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சாப்பிட்டான். நாற்றம் தாங்கவில்லை. மூக்கைப் பொத்திக்கொண்டு குழம்பு ஊற்றினேன்.

முதல் புதன்கிழமை வந்தது. யார் வந்தார்கள்?

என் வீட்டுக்காரருக்கு ஆயர் குரோ தொழிற்சாலையில் இரவு ஷிப்ட். தோட்டத்து வேன் வரவில்லை. விடிவதற்கு முன் வேலைக்கு ஏற வேண்டியவர்கள். பிள்ளைகளுக்கு மறுநாள் பள்ளி. மிச்சம் இருந்தவர்களுக்குப் பாசார் மாலாம். வாரத்தில் ஒரே நாள் வரும் இரவுச் சந்தையை விட்டுவிட்டுக் கல்லூரிப் பசங்கள் பந்தைத் துரத்துவதைப் பார்க்க எவர் வருவார்? வடைக்காரரே சந்தைக்குப் போய்விட்டார். அவர் விவரமானவர்.

பார்க்க வந்தவர்களைவிட பெஞ்சில் இருந்த ரிசர்வ் ஆட்டக்காரர்கள் அதிகம். கேமராக்காரர் எங்களிடம் வந்து, கொஞ்சம் தள்ளித் தள்ளி உட்காரும்படி கேட்டுக்கொண்டார். கூட்டமாகத் தெரியுமாம்.

நானும் சரோஜா அக்காவும் தள்ளி உட்காரவில்லை. அக்கா எங்கள் வரிசையில் கடைசி வீடு. என் பேச்சுத் துணை. தள்ளி உட்கார்ந்தால் எப்படிப் பேசுவது? ஆளுக்கொரு புங்குஸ் தேநீர் வாங்கி வந்திருந்தோம். பிளாஸ்டிக் பையில் ஊற்றி, கயிறு கட்டி, ஸ்ட்ரா செருகித் தருவார்களே, அது. அதைக் கீழே வைக்க முடியாது. எங்கேயாவது மாட்டத்தான் வேண்டும். எங்களுக்கு முன்னால் ஒரு கம்பி நின்றது. அதன் உச்சியில் சாம்பல் நிறத்தில் புசுபுசுவென்று ஏதோ இருந்தது. தூசு தட்டும் கோழியிறகுக் கட்டையை யாரோ மறந்துவிட்டுப் போயிருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். இரண்டு பைகளையும் அதில் மாட்டினேன். வசதியாக இருந்தது.

அது மைக்.

ஞாயிற்றுக்கிழமைகளில் நான் என்னவெல்லாம் பேசியிருக்கிறேன் தெரியுமா? ரெஃப்ரியின் கண்பார்வை, அவரை அனுப்பி வைத்த சங்கத்தின் கண்பார்வை, எதிரணிப் பயிற்சியாளரின் தொப்பை... ஒன்று பாக்கி இல்லை. எல்லாம் இரைச்சலில் கரைந்துவிடும். திட்டியவர் திருப்தியாக வீட்டுக்குப் போவார். திட்டு வாங்கியவர் நிம்மதியாக வீட்டுக்குப் போவார். கூட்டத்தின் அருமையே அதுதான். ஆளில்லாத திடலில் நாம் விடும் பெருமூச்சுகூட நாலு ஊருக்குக் கேட்கும்.

எதிரில் ஒரு பெரிய விளம்பரப் பலகை. போட்டிக்கு ஆதரவு தந்த மசாலாத் தூள் கம்பெனியுடையது. சரோஜா அக்கா அதைப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"இந்தத் தூளு எப்படிலா? நீ வாங்குனியாமே?"

"அத ஏன்க்கா கேக்குறீங்க. போன வாரம் அதப் போட்டு மீன் கொழம்பு வெச்சேன். எங்க வீட்டுக்காரரு தொடல. மவன் மெகி நூடுல்ஸ் கிண்டிக்கிட்டான். சரி, பின்னாடி சந்துல ஊத்துனேன். தெருப்பூனை ஒண்ணு வந்துச்சு. மோந்து பாத்துச்சு. அப்புறம் என்னைய ஒரு பார்வை பாத்துச்சு பாருங்க... பாவம், இந்தம்மா நல்லாத்தான் இருந்துச்சின்னு."

சொல்லிவிட்டுத் தேநீரை உறிஞ்சினேன். உறிஞ்சிய சத்தமும் நேரலையில் போனது. அந்த நேரம் பார்த்துக் கேமரா அந்தப் பலகையைத்தான் நிதானமாகக் காட்டிக்கொண்டிருந்தது. வேறு எதைக் காட்டும்? கூட்டத்தைக் காட்டலாம் என்றால் கூட்டம் இல்லையே.

விடிந்தபோது அந்தத் துண்டு எல்லார் கைப்பேசியிலும் இருந்தது. என் வீட்டுக்காரருக்குத் தொழிற்சாலை கேண்டீனிலேயே காட்டிவிட்டார்கள். போன் செய்தார்.

"ஏதோ ஒரு வீடியோ சுத்துது. ஒன் கொரல் மாதிரியே இருக்கு."

இத்தனை வருஷம் குடும்பம் நடத்திய மனிதருக்கு அதில் சந்தேகம் வேறு.

அன்றைய ஆட்டத்தில் கதிர் பறந்து பறந்து பிடித்தான். ஒரு பந்தைக் கம்பத்தின் மூலையிலிருந்து ஒற்றைக் கையால் தட்டி எடுத்தான். பள்ளிக்கூட நாளிலிருந்து நான் பார்த்த அவன் ஆட்டங்களிலேயே அதுதான் நல்ல ஆட்டம். அதைப் பற்றி எவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. குணா சொன்ன எக்ஸ்போஷர் வந்துவிட்டது... கோல்கீப்பருக்கு அல்ல, கோல்கீப்பரின் அம்மாவுக்கு.

மாலையில் கதிர் வந்தான். பையைக்கூட இறக்கவில்லை.

"அம்மா, இனிமே மேட்ச்சுக்கு வராதீங்க."

"ஏன்டா?"

"ப்ராக்டிஸ்ல பந்து வரும்போது பசங்க மியாவ்னு கத்துறானுங்க. செலெக்டரு பாக்குறாருன்னு தெரியும்ல. அவரு என்னையப் பாத்திருப்பாரா, பூனையப் பாத்திருப்பாரா? ஸ்பான்சர் கோவிச்சிக்கிட்டுப் போனா டீமே இருக்காது. ப்ளீஸ்மா."

வாயாடிக்கு அதைவிடப் பெரிய தண்டனை கிடையாது. அவன் பெஞ்சில் உட்கார்ந்திருந்த அந்த இரண்டு வருஷமும் ஓர் ஆட்டம் விடாமல் போனவள் நான். உட்கார்ந்திருப்பவனைப் பார்க்கப் போன ஒரே ரசிகை. வலித்தது. சமையலறைக்குப் போய்ப் பாத்திரம் தேய்த்தேன். ஏற்கெனவே தேய்த்து வைத்த பாத்திரங்கள்தான்.

அடுத்த புதன்கிழமை வீட்டில் உட்கார்ந்து கைப்பேசியில் பார்த்தேன். பார்ப்பவர்களின் எண்ணிக்கை எகிறியிருந்தது. கருத்துப் பெட்டி முழுக்க ஒரே கேள்வி. "ஆண்ட்டி எங்க?" "பூனை சௌக்கியமா?" ஆண்ட்டி இல்லை என்று தெரிந்ததும் ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள். திடலில் சரோஜா அக்காகூட இல்லை. தனியாகப் போய் யாரிடம் பேசுவார்? மைக்கில் கேட்டதெல்லாம் தவளைச் சத்தமும் ஜெனரேட்டர் சத்தமும்தான்.

இரண்டாம் பாதியில் ஒரு பந்து மெதுவாக உருண்டு வந்தது. குழந்தைகூடப் பிடித்திருக்கும். கதிர் குனிந்தான். பந்து கையில் பட்டு நழுவி உள்ளே போனது. கோல்.

அவன் எழுந்து நின்று, நாங்கள் வழக்கமாக உட்காரும் இடத்தை ஒரு தடவை பார்த்தான். நான் கைப்பேசியைப் பார்த்துக் கத்தினேன். "பரவால்லடா, எந்திரிடா" என்று கத்தினேன். யாருக்குக் கேட்கும்? நேரலையில் உள்ள கோளாறு இதுதான். அவன் நமக்குத் தெரிவான். நாம் அவனுக்குத் தெரிய மாட்டோம்.

எப்படியோ ஆட்டம் சமநிலையில் முடிந்து, அடுத்த சுற்றுக்குப் போய்விட்டார்கள். மறுநாள் குணாவிடமிருந்து போன்.

"ஆண்ட்டி, மசாலா கம்பெனியில யாரும் கோவிக்கல. பேரு ஊரெல்லாம் போயிருச்சேன்னு சந்தோசமாத்தான் இருக்காங்க. அடுத்த மேட்ச்சுக்கு ஆண்ட்டி வருவாங்களான்னு கேக்குறாங்கலா."

கழுவிக் கழுவி ஊற்றினாலும் பெயர் வெளியே வந்தால் போதுமாம். வியாபாரம் எனக்குப் புரிவதே இல்லை.

"எம் மவன் கூப்புடட்டும் தம்பி" என்று சொல்லி வைத்துவிட்டேன். எனக்கும் ரோஷம் இருக்காதா?

இரண்டு நாள் கழித்து, பாத்திரம் கழுவும் தொட்டியில் கதிர் கையுறையைக் கழுவிக்கொண்டிருந்தான். வழக்கமாக அதற்கு ஒரு சண்டை உண்டு. அன்று நானே சோப்பை எடுத்து நீட்டினேன்.

"புதன்கிழமை ஃப்ரீயாம்மா?"

"எதுக்கு?"

"நாக்அவுட். தோத்தா அவ்ளோதான்."

"மியாவ்னு கத்துவானுங்களே?"

கையுறையைப் பிழிந்தான். பிழிந்ததையே மறுபடியும் பிழிந்தான்.

"அன்னிக்கு ஒண்ணுமே கேக்கலம்மா. அவ்ளோ பெரிய தெடல்ல தனியா நிக்கிற மாதிரி இருந்துச்சு. பயந்துட்டேன். நீங்க ரெஃப்ரிய திட்டிக்கிட்டே இருந்தாதான் எனக்கு எல்லாம் சரியா நடக்குதுன்னு தோணும்." குழாயை மூடினான். "மசாலா பத்தி மட்டும் பேசாதீங்கலா."

போன புதன்கிழமை போனேன். போய்ப் பார்த்தால்... கூட்டம்! நான் வருகிறேன் என்று குணா ஊரெல்லாம் சொல்லியிருக்கிறார். தோட்டத்து வேன் வந்துவிட்டது. திரும்பும்போது வேனிலேயே தூங்கிக்கொள்ளலாம் என்று முடிவு செய்துவிட்டார்களாம். வடைக்காரர் சந்தையை விட்டுவிட்டு வந்திருந்தார். ஒருவர் கூண்டில் நிஜப் பூனையையே கொண்டுவந்திருந்தார். குணா அந்தப் புசுபுசு மைக்கை எனக்கு முன்னால் நட்டு, நடுநடுவே என் முகத்தையும் காட்டும்படி கேமராக்காரரிடம் சொல்லிவிட்டு, "தேத்தண்ணி மாட்டிக்குங்க ஆண்ட்டி" என்று மரியாதையாகச் சொன்னார்.

முதல் பாதியில் என் கடமையைச் செவ்வனே செய்தேன். ரெஃப்ரியின் கண்ணுக்கு எந்தக் கடையில் கண்ணாடி போடலாம் என்பது உட்பட.

நாங்கள் ஒரு கோல் முன்னால் இருந்தோம். ஆட்டம் முடியப் போகும் நேரத்தில் எங்களுக்கு எதிராகப் பெனால்டி. திடல் அடங்கிப் போனது. கூட்டம் கோலைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தது. சரோஜா அக்கா முழங்கையால் இடித்தார்.

"ஏதாச்சும் சொல்லு."

கதிர் கோட்டின் மேல் நின்றான். கையுறைகளைத் தட்டிக்கொண்டான். ஒரு தடவை எங்கள் பக்கம் பார்த்தான். இந்தத் தடவை நான் அங்கே இருந்தேன்.

எதிரணிக்காரர் ஓடி வந்து உதைத்தார். கதிர் இடது பக்கம் பாய்ந்தான். விரல் நுனியில் பட்ட பந்து கம்பத்தை உரசிக்கொண்டு வெளியே போனது.

திடல் அதிர்ந்தது. வேன்காரர்கள் குதித்தார்கள். கூண்டுப் பூனை மிரண்டு கத்தியது. நானும் வாயைத் திறந்தேன். ஒன்றும் வரவில்லை. கன்னமெல்லாம் நனைந்துவிட்டது. இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

தேர்வாளர் பார்த்தாரா? இன்னும் தகவல் இல்லை. கதிர் இப்போது கையுறைக்குப் பதிலாகக் கைப்பேசியைத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சாப்பிடுகிறான். நாற்றம் இல்லை, அந்த வரைக்கும் லாபம்.

அன்று இரவு வீட்டுக்கு வந்ததும் நேரலையை மறுபடி ஓட்டிப் பார்த்தேன். அவன் பாய்ந்து தடுத்த அதே இடத்தில், முகம் தெரியாத யாரோ ஒருவர் கருத்துப் பெட்டியில் எழுதியிருந்தார்:

"எல்லார் சத்தமும் கேக்குது. ஆண்ட்டி மைக் மட்டும் வேலை செய்யல. யாராச்சும் போய்ப் பாருங்கலா."