மூன்று முறை காட்டிய ஊஞ்சல் கொடி

கைடு வேலையில் என் முதல் நாள், கூட்டிப்போன குடும்பத்தோடு சேர்ந்து நானும் காட்டுக்குள் வழி தவறிப்போனேன். புதிதாக வேலைக்கு வருகிறவர்களிடம் இதைத்தான் முதலில் சொல்கிறேன். சிரித்தால் சிரிக்கட்டும்.

2005, ஐப்பசி மாதம். மழை பிடித்துவிட்டால் மரக்காணம் உப்பளத்தில் எங்களுக்கு வேலை கிடையாது. அந்த நேரத்தில்தான் கீழ்புத்துப்பட்டு கோயில் காட்டைச் சுற்றிக்காட்ட உள்ளூர் ஆள் தேடினார்கள். ஒரு சுள்ளிகூட ஒடிக்காமல் தலைமுறை தலைமுறையாக விட்டுவைத்த பழங்காடு அது. அந்த வேலைக்கு சூப்பர்வைசராக இருந்த மேடம் ஒரு வாரம் கூடவே நடந்து பாதையும் மரப்பெயரும் சொல்லிக்கொடுத்தார்.

"இன்னிக்கு வர்ற ஃபேமிலி விசிட்டர் நோட்டுல நல்லா எழுதினா வேலை உனக்கு, செல்வி. இல்லன்னா வேற ஆள பாக்கணும்" என்றார்.

வந்தவர் சென்னையில் பேங்க் மேனேஜர். கூடவே மனைவி, மாமியார், காலேஜ் படிக்கும் மகள். செருப்பைக் கழற்றிவிட்டு நுழைந்ததுமே அவர் முகம் சுருங்கிவிட்டது.

"ஏம்மா, இதுதான் காடா? புதர் மாதிரி இருக்குது. அரை மணி நேரத்துல முடிஞ்சிடும் போல."

வீரை, கருங்காலி, நாவல் என்று ஒப்பித்துக்கொண்டே வேகமாக நடந்தேன். இருபது வருஷம் உப்பளத்தில் கிடந்தவள் நான். அங்கே நிமிர்ந்தால் ரோடு வரைக்கும் தெரியும், வழி தவறவே முடியாது. இங்கே நாலு அடிக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. மேகம் மூடி, சூரியனும் இல்லை. வாய் மட்டும் மரப்பெயரை விடவில்லை.

மாமியார்தான் நின்றார். "ஏம்மா, ஊஞ்சலாட்டம் தொங்குற இந்தக் கொடிய மூணாவது வாட்டி காட்டுற. அவ்ளோ விசேஷமா?"

'ஆமாங்க' என்று சொல்ல நாக்கு நுனி வரை வந்துவிட்டது. ஆனால் அந்தம்மா ஈர மண்ணில் வெறுங்காலோடு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். பாவமாகப் போய்விட்டது.

"விசேஷம் ஒண்ணும் இல்லீங்க. எனக்கு வழி தெரியல. இன்னிக்குதான் மொத நாளு."

மேனேஜர் என்னையே பார்த்தார். வேலை போச்சு என்று நினைத்தேன்.

"கைடுக்கே வழி தெரியலன்னா, அப்ப இது காடுதான்" என்று அவர் சிரிக்க ஆரம்பித்தார்.

மகள் எல்லாரையும் பேசாமல் நிற்கச் சொன்னாள். ஈ.சி.ஆர். ரோடு பக்கமிருந்து பஸ் ஹார்ன் கேட்டது. அந்தச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டு மெதுவாக நடந்தோம். இப்போது மேனேஜரே ஒவ்வொரு மரமாக நின்று பெயர் கேட்டார். தெரிந்ததைச் சொன்னேன், தெரியாததைத் தெரியவில்லை என்றேன். அவ்வளவு நிம்மதியாக இருந்தது.

நோட்டில் அவர் எழுதியது: "கைடும் எங்களோடு சேர்ந்து தொலைந்தார். மறைக்காமல் சொன்னார். காடு பெரியது. அடுத்த முறையும் இவரே வேண்டும்."

மேடம் அதை இரண்டு தடவை படித்தார். "மூணு சுத்து வரைக்கும் ஏன் வாய தொறக்கல?"

"வேலை போயிடும்னு பயங்க."

"நாளைக்கு எட்டு மணிக்கு வந்துடு. மொதல்ல தனியா உள்ள போயிட்டு வா."

மறுநாள் தனியாகப் போனேன். அன்றும் தொலைந்தேன், அது வேறு விஷயம்.

உங்களுக்குச் சொல்வது இதுதான். வழி தெரியாவிட்டால் முதல் சுற்றிலேயே சொல்லிவிடுங்கள். பின்னால் வருகிறவர்களுக்குக் கால் வலிக்கும்.