இடது சீட்

இது நடந்தது. கேட்டுச் சிரிக்கிறவர்களுக்கு எடுத்துக் காட்ட ஒரு சாட்சி உண்டு. ஆனால் ஆண்களுக்குக் காட்ட முடியாது. கமறியாவின் கழுத்தோரத்திலிருந்து இடது தோள் வரை ஓடும் கறுத்த தழும்பை மதுரங்குளியில் அவளுடைய சொந்தக்காரப் பெண்கள் எல்லாருமே பார்த்திருக்கிறார்கள். அகலமான தழும்பு. பட்டி வைத்து இறுக்கினால் மட்டும் வருகிற தழும்பு. அவள் புருஷன் நஸீமிடம் கேட்டால் பாதிக் கதையில் எழுந்து போய்விடுவான். மீதியை அவளுடைய தம்பி அத்தாஉல்லாதான் சொல்லுவான்.

யுத்தம் முடிந்து, புத்தளம் வீதியெல்லாம் காபட் தார் போட்டு வழவழவென்று கிடந்த காலம். பொடியன்மார் வேகக் கார்களுக்குப் பைத்தியமாக அலைந்தார்கள். மதுரங்குளிச் சந்திக்குக் கிட்ட நஸீம் கராஜ் வைத்திருந்தான். அத்தாஉல்லா அவனோடு டிங்கரிங் வேலை பார்த்தான். வான், லொறி, த்ரீவீல் என்று பார்த்துப் பார்த்து நஸீமுக்குச் சலித்துவிட்டது. ஒரே ஒரு தடவை நல்லதொரு ஸ்போர்ட்ஸ் காரைத் தன் கையால் எழுப்பி நிறுத்திவிட வேண்டும் என்று ஆசை.

கொழும்புப் பக்கம் ஒரு யார்டில் அடிபட்ட வாகனங்களை ஏலம் விடுவார்கள். இருந்தபடியே எடுக்க வேண்டும். ஸ்டார்ட் பண்ணிப் பார்க்க விடமாட்டார்கள். எப்படி அடிபட்டது, யார் ஓட்டினது, எதுவும் சொல்லமாட்டார்கள். கொண்டுவந்த பிறகு தலையில் அடித்துக்கொண்டாலும் திருப்பி எடுக்க மாட்டார்கள்.

அத்தாஉல்லா அன்றே சொன்னான்.

"மச்சான், சாசி வளைஞ்சிருந்தா என்ன செய்யிற? உள்ளுக்க என்ன இரிக்கி எண்டு ஆருக்குத் தெரியும்?"

"உள்ளுக்க இரிக்கிறத நான் பார்த்துக்கிறேன்" என்றான் நஸீம்.

லொறியில் வந்து இறங்கியது கார். ஜப்பான் வாகனம். சிவப்பு. இரண்டு கதவு, இரண்டே சீட். முன்பக்கம் அப்படியே உள்ளே போயிருந்தது. ஆனால் எஞ்சினுக்குப் பெரிய சேதமில்லை. நஸீம் பொனெட்டைத் தடவிக்கொண்டு புது மாப்பிள்ளை மாதிரிச் சிரித்தான்.

கதவைத் திறந்த அத்தாஉல்லாதான் முதலில் கவனித்தான். உள்ளே எங்கும் கண்ணாடித் துகள். டாஷ்போர்டில், காலடியில், டிரைவர் சீட்டில். இடது சீட்டின் ஓரங்களிலும் இருந்தது. நடுவில் மட்டும் இல்லை. முதுகு சாயும் இடத்திலும் தொடை வைக்கும் இடத்திலும் ஒரு துகள் கூட இல்லை. யாரோ இருந்து, இப்போதுதான் எழும்பிப் போன மாதிரி.

இரண்டு பக்கக் காற்றுப் பைகளும் வெடித்துத் தொங்கின.

"இந்தப் பக்கத்துப் பை ஆள் இருந்தாத்தானே விரியும்" என்றான் அத்தாஉல்லா. "அப்ப ரெண்டு பேர் வந்திரிக்காங்க. ஆரும் மௌத்தாகியிருப்பாங்களோ?"

"வாய மூடிட்டு வேலையப் பாரு."

வேலை இழுத்துக்கொண்டே போனது. கையில் இருந்த காசெல்லாம் அந்தக் காருக்குள் போனது. மற்ற எல்லாம் உரசி, கிழிந்து, நசுங்கிக் கிடக்க, இடது சீட் மட்டும் கடையிலிருந்து எடுத்த மாதிரி இருந்தது. ஒரு பகல் அத்தாஉல்லா சோற்றுப் பார்சலோடு அதில் போய் இருந்தான். இருந்த வேகத்தில் எழும்பி வெளியே வந்தான்.

"மச்சான், சீட் சூடா இரிக்கி."

"வெயில் பட்டிருக்கும்."

கார் கூரைக்குள் நின்றது. வெயில் படவே வழியில்லை.

எஞ்சின் ஸ்டார்ட் ஆன நாளில் இருவரும் கட்டிப்பிடித்துச் சந்தோஷப்பட்டார்கள். அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது.

டிங்... டிங்... டிங்...

இடது பக்க பெல்ட் போடவில்லை என்று டாஷ்போர்டில் சிவப்பு விளக்கு. சீட்டில் ஆள் இருந்தால்தான் அது எரியும். சீட் வெறுமையாக இருந்தது. நஸீம் சீட்டுக்குக் கீழே கைவிட்டு வயரைக் கழற்றினான். சத்தம் நின்றது. கையை வெளியே எடுத்தான்.

டிங்... டிங்...

கழற்றிய வயர் அவன் கையில் இருந்தது.

அவன் அதைக் கீழே போட்டான். பிறகு வெறும் சீட்டின் குறுக்கே பெல்ட்டை இழுத்துக் கொளுவினான். சத்தம் அடங்கியது.

"வேற எங்கேயோ வயர் ஷோட் ஆகுது" என்றான்.

பெயின்ட் அடித்து முடித்த அன்று பின்னேரம் அஸர் தொழுதுவிட்டு நஸீம் காரை வீட்டு வாசலுக்குக் கொண்டுபோனான். கமறியா வெளியே வந்து பார்த்து வாயில் கை வைத்தாள்.

"ராசா மாதிரி இரிக்கி! விக்கிறதுக்கு முதல் என்னையும் ஒரு சுற்றுக் கூட்டிட்டுப் போங்க."

அவள் ஏறினாள். பெல்ட்டைக் கொளுவினாள். கதவைச் சாத்தியவள் திரும்பி அவனைப் பார்த்தாள்.

"ஆரும் இதுல இருந்தாங்களா? சூடா இரிக்கி."

நஸீம் இறங்கு என்று சொல்லியிருக்கலாம். அவள் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்தான். கியரைப் போட்டான்.

பாலாவிச் சந்தியில் திரும்பிக் கற்பிட்டி வீதியில் ஏறினார்கள். கார் காற்றாகப் போனது. தென்னந்தோட்டங்களும் வெங்காயத் தோட்டங்களும் பின்னால் ஓடின. கமறியா சிறுபிள்ளை மாதிரிச் சிரித்தாள். நுரைச்சோலையில் நிறுத்தி இளநீர் குடித்தார்கள். நஸீமின் மனசு இலேசாகிவிட்டது. எல்லாம் வயர்க் கோளாறுதான்.

திரும்பி வரும்போது களப்புத் தண்ணீர் இடது கைப்பக்கம் வந்தது. வெயில் மஞ்சளாகச் சாய்ந்திருந்தது.

டிங்...

நஸீம் டாஷ்போர்டைப் பார்த்தான். சிவப்பு விளக்கு.

"பெல்ட் போடல்லயா?"

"போட்டிரிக்கேனே. இஞ்சப் பாருங்க."

போட்டுத்தான் இருந்தாள்.

டிங்... டிங்...

கமறியா நெளிந்தாள். அவன் பக்கமாக ஒதுங்கினாள்.

"கொஞ்சம் தள்ளி இருக்கச் சொல்லுங்க. நெருக்குது."

"ஆர?"

அவள் வாயைத் திறந்தாள். மூடினாள்.

"...தெரியா."

ஏ.சி. போடவில்லை. ஆனாலும் கமறியாவின் பக்கத்து ஜன்னல் கண்ணாடியில் உள்ளிருந்து ஆவி படிந்தது. ஒரு முகம் அளவு. மறைந்தது. மறுபடி படிந்தது.

மூச்சு விடுகிற மாதிரி.

கமறியா அதைப் பார்க்கவில்லை. அவள் முகம் அவன் பக்கம் திரும்பியிருந்தது.

"வீட்ட போவம். கெதியா போங்க."

கிறிக்.

பெல்ட் சுருளும் சத்தம். அவள் நெஞ்சில் பட்டி ஒருதரம் இறுகியது.

கிறிக்... கிறிக்...

"இறுக்குது... இஞ்சப் பாருங்க, இறுக்குது!"

நஸீம் பிரேக்கை மிதித்தான். ஸ்டியரிங் இடது பக்கம் இழுத்தது. இரண்டு கையாலும் பிடித்தான். அவன் பிடிக்குள் அது திரும்பியது. முன்னால் பாலாவி உப்பளம். வீதியோரம் உப்பு வாய்க்கால், நிறையத் தண்ணீர். கார் சரளையில் உரசிக்கொண்டு போய் வாய்க்கால் விளிம்பில் நின்றது.

எஞ்சினை நிறுத்தினான். சாவியை உருவி எடுத்தான்.

டிங்... டிங்... டிங்...

பெல்ட் பொத்தானை அழுத்தினான். விடவில்லை. குத்தினான். விடவில்லை.

கிறிக்.

பட்டி அவள் கழுத்துக்கு ஏறியிருந்தது. கமறியாவின் கண்கள் பிதுங்கின. உதடுகள் அசைந்தன. கலிமாச் சொல்லுகிறாள். சத்தம் வரவில்லை.

நஸீம் வெளியே குதித்து வீதியில் நின்று கத்தினான்.

"கத்தி! ஆராவது கத்தி தாங்க!"

உப்புக் குவியலுக்குத் தென்னோலைக் கிடுகு கட்டிக்கொண்டிருந்த பெண்ணொருத்தி கயிறு அறுக்கும் கத்தியோடு ஓடி வந்தாள். நஸீம் அதைப் பறித்துக்கொண்டு உள்ளே பாய்ந்தான். அறுத்தான். பட்டி முறுக்கிய கம்பி மாதிரி இருந்தது. அறுத்தான். அறுத்தான்.

அறுந்தது.

அறுந்த முனை சீட்டின் இடுக்குக்குள் விசுக்கென்று போய் மறைந்தது. யாரோ பிடித்து இழுத்த மாதிரி.

அவளை அள்ளி வெளியே இழுத்தான். இருவரும் வீதியில் விழுந்தார்கள். அவள் இருமினாள். மூச்சு வந்தது. அழுகை வந்தது.

உப்பளத்துப் பெண் அசையாமல் காருக்குள் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அங்க பாருங்க..."

இடது சீட்.

அதில் யாருமில்லை.

ஆனால் சீட் அமுங்கியிருந்தது.

பார்க்கப் பார்க்க...

மெல்ல...

நிமிர்ந்தது.

தூரத்துப் பள்ளியில் அந்தித் தொழுகைக்கு, மஃரிபுக்குப் பாங்கு சொன்னார்கள். அந்தப் பெண் கத்தியைக்கூட வாங்காமல் நடந்தாள். பிறகு ஓடினாள்.

கமறியா காய்ச்சலில் விழுந்தாள். ஓதித் தண்ணீர் கொடுத்தார்கள், ஆஸ்பத்திரிக்கும் கொண்டுபோனார்கள். காய்ச்சல் விட்டது. தழும்பு விடவில்லை. அத்தாஉல்லா காரைக் கயிறு கட்டி இழுத்துவந்தான். கராஜுக்குப் பின்னால் இருவருமாக இடது சீட்டைக் கழற்றி, டீசல் ஊற்றிக் கொளுத்தினார்கள். கம்பியும் ஸ்பிரிங்கும் மிஞ்சும்வரை அந்த இடத்தைவிட்டு அகலவில்லை. மிஞ்சியதைக் குழி வெட்டிப் புதைத்தார்கள். காரைப் புத்தளத்துப் பழைய இரும்பு வியாபாரி ஹயாத்து முகம்மதுவுக்குத் தள்ளிவிட்டார்கள். ஒரே பேச்சுத்தான்: ஆருக்கும் விற்கக் கூடாது, துண்டு துண்டாக வெட்ட வேண்டும். அவர் ஓம் என்று ஒப்புக்கொண்டார்.

சில நாள் போக, சிலாபத்திலிருந்து ஒரு இளைஞன் கராஜுக்கு வந்தான். ஜூட் என்று பெயர். ஒரு கால் நொண்டினான்.

"ஒரு சிவப்புக் கார் கற்பிட்டி ரோட்டில ஓடினதெண்டு கேள்விப்பட்டேன். நீங்கதான் செஞ்சதெண்டு சொன்னாங்க. அது என்ட கார்."

நஸீம் கதிரையைக் காட்டினான். ஜூட் நின்றபடியே சொன்னான்.

"நானும் ஏலத்துலதான் எடுத்தேன். அதுக்கு முதல் ஆருட கையில இருந்ததெண்டு எனக்கும் தெரியா. என் தங்கச்சிய ஒருநாள் ஏத்திட்டுப் போனேன்..."

நிறுத்தினான்.

"உயிரோட இருக்கா. ஆனா கதைக்கிறதில்ல."

அத்தாஉல்லா ஸ்பேனரோடு கிட்ட வந்தான்.

"அதாலதான் நான் வேணுமெண்டே கொண்டுபோய் மதில்ல அடிச்சேன். அது திரும்ப ஓடக்கூடாது எண்டு. அத இன்சூரன்ஸ்காரங்க ஏலத்துக்கு விட்டிட்டாங்க. சொன்னா ஆரு நம்புற? தனியத்தான் போனேன். அந்த சீட்டோட போகப் பயம். அடிக்கிறதுக்கு முதல் நாளே கழட்டி எரிச்சிட்டேன்."

அத்தாஉல்லாவின் கையிலிருந்த ஸ்பேனர் கீழே விழுந்தது.

"எந்த சீட்ட?" என்றான் நஸீம்.

"இடது சீட். மிஞ்சின கம்பிய நானே வள்ளத்தில கொண்டுபோய் கடல்ல போட்டேன்."

நஸீம் போனை எடுத்தான். ஹயாத்து முகம்மது உடனே எடுத்தார்.

"ஹயாத்து நானா, அந்தச் சிவப்பு வாகனத்த வெட்டிட்டீங்களா?"

"கோவிக்காதீங்க தம்பி. ஒரு மாப்பிள்ள ஆசப்பட்டுக் கேட்டாரு. குடுத்திட்டேன். காலையிலதான் லொறியில ஏத்தினாங்க."

"ஒரு சீட் இல்லாத வாகனத்த என்னத்துக்கு வாங்கினாரு?"

அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம்.

"என்ன கதை இது? ரெண்டு சீட்டும் இருந்திச்சே. இடது சீட்டுல ஒரு கீறல்கூட இல்ல. அதப் பார்த்துத்தான் அவருக்குப் புடிச்சிப் போச்சு."

"நானா... அவர்ட நம்பர் இரிக்கா?"

"நம்பரா? கேட்டு வைக்கல்லியே. பேரும் தெரியா. புதுசா கலியாணம் முடிச்சவராம். பொண்டாட்டியோட சுத்தித் திரியத்தானாம் எடுத்தாரு."