அம்மா தந்த பற்றரி

சைக்கிள் கடையில் டியூப் ஒட்டும் பசை மணந்தால் போதும், போரில் மின்சாரம் நின்றுபோன காலத்து எங்கள் அரியாலை வீடு வந்துவிடும். அண்ணையின் பழைய கிட்டார் அம்ப்ளிபையரில் ஸ்பீக்கர் கிழிந்திருந்தது. கடைகளில் வேறு இல்லை. அவர் கண், அம்மா செய்தி கேட்கும், இப்போது ஊமையாய் நின்ற றேடியோகிராம் பெட்டியில் விழுந்தது.

“அம்மா, உதின்ரை ஸ்பீக்கரைக் கழட்டட்டே?”

“கழட்டு. கரண்ட் வந்தா அந்த ஸ்பீக்கரிலை முதல் எனக்குச் செய்தி, பிறகுதான் உன்ரை கிட்டார்.”

அதிராமலிருக்கச் சைக்கிள் டியூபை வளையமாக வெட்டி, பசை பூசி அம்ப்ளிபையரில் ஒட்டி, அதன்மேல் ஸ்பீக்கரை அமர்த்தி அண்ணை திருகி முடித்ததும், கிடைத்தற்கரியதென்று அலுமாரியில் பூட்டி வைத்திருந்த டோர்ச் பற்றரியை அம்மா தானாகவே எடுத்து நீட்டினார். அண்ணை ஸ்பீக்கரின் இரண்டு வயர்களையும் அதில் தொட்டுப் பார்த்தார். ஸ்பீக்கர் ‘டொக்’ என்றது.

“ஓம், உயிர் கிடக்கு” என்று அம்மா சிரித்தார்.

மின்சாரம் வருமுன்னே ஊரைவிட்டுப் போனோம். அம்மாவின் செய்தியும் அண்ணையின் கிட்டாரும் அந்த ஒரு ‘டொக்’தான்.