சபூராவின் பாதி வரி

சனிக்கிழமை பின்னேரம் மூன்று மணிக்கு மார்கிறட் அலுமாரியின் மேல்தட்டிலிருந்து பிஸ்கட் தகரத்தை இறக்குகிறாள். ஊசியோடு கிடக்கும் அரைகுறைப் பின்னலை எடுத்து மடியில் விரிக்கிறாள். வெள்ளைப் பருத்தி நூல், ஒரு சாணுக்குச் சற்று மேல் அகலம், அரைச்சாண் உயரம். வலது ஊசியில் முப்பத்தேழு கண்ணிகள், இடது ஊசியில் முப்பத்தைந்து. அந்த நூல் வளையங்களை ஒவ்வொன்றாக வேறு இரண்டு ஊசிகளுக்கு மாற்றுகிறாள். கழற்றிய ஊசிகளில் பிடித்திருக்கும் துருவைச் சாம்பல் போட்டுத் தேய்க்கிறாள். தையல் மெசின் எண்ணெயில் ஒரு சொட்டுத் தடவி, துணியால் துடைத்து, அடுத்த கிழமைக்கென்று வைக்கிறாள். பிறகு பின்னலைச் சுருட்டித் தகரத்தை மூடிவிடுகிறாள். ஒரு கண்ணிகூடப் பின்னுவதில்லை. இரண்டே முக்கால் வருசமாக இதுதான் வழக்கம்.

ஊசிகள் கடையில் வாங்கியவை அல்ல. பழைய சைக்கிள் சில்லின் கம்பிகளை வாசற்படிக் கல்லில் உரைத்துக் கூராக்கியவை. புளியந்தீவில் நாலு பக்கமும் வாவிக் காற்று. பூட்டும் திறப்பும் துருப்பிடிக்கிற இடத்தில் சைக்கிள் கம்பி எம்மாத்திரம்? விட்டுவைத்தால் துரு நூலில் ஏறிவிடும். அதனால்தான் இந்தச் சனிக்கிழமைத் திருமஞ்சனம்.

"ஊசிக்குக் கிழமைக்கொருக்கா எண்ணெய் முழுக்கு நடக்கு. மத்தேயு அண்ணருக்கு வருசத்துக்கொருக்காவது நடக்குதாகா?" என்று அவளுடைய கூட்டாளி சீதேவிப்பிள்ளை கேட்பாள். மத்தேயு, மார்கிறட்டின் புருசன், அரசாங்கக் கச்சேரியில் கிளாக்கர். சாய்மனைக் கதிரையில் பத்திரிகையைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொள்வார்.

மார்கிறட்டின் தகப்பன் பேர்னாட் எனக்குப் பெரியம்மா மகன். அந்தக் குடும்பத்துக்கே கை இறுக்கம். பேர்னாட் முடிந்த தோணிக் கயிற்றை அவிழ்க்க ஏலாது, வெட்டித்தான் எடுக்க வேண்டும். அவன் தாய் சவரியாள் கொண்டை போட்டால் இரண்டு புருவமும் மேலே ஏறிவிடும். அந்தக் கைதான் மார்கிறட்டுக்கும். அவள் பின்னிய குழந்தைத் தொப்பியை நிறுத்தி வைத்தால் கிண்ணம் மாதிரி நிற்கும். தலைக்கு மேல் ஆமி ஹெலிகொப்டர் சுற்றுகிற நாட்களில் பின்னினது இன்னும் மோசம். சீதேவிப்பிள்ளையின் மருமகளுக்குப் பிள்ளை பிறந்தபோது பின்னிக் கொடுத்த தொப்பி பிள்ளையின் உச்சந்தலையில் மட்டும் இருந்தது. "இது தேங்காய்க்கு அளவுகா," என்றாள் சீதேவிப்பிள்ளை. மார்கிறட் அதைத் திரும்ப வாங்கி, அவிழ்த்து, மறுபடி பின்னினாள். மறுபடியும் தேங்காய்க்குத்தான் அளவாக வந்தது.

ஐம்பதை எட்டப்போகிறாள். ஒல்லி உடம்பு, இரண்டு கையிலும் ஈரிரண்டு காப்பு. கோவிலில் பூசை நடக்கும்போதும் விரல் எண்ணிக்கொண்டிருக்கும். தெருவில் யாருடைய பிள்ளையைக் கண்டாலும் முகத்தைப் பார்க்குமுன் சட்டையின் கீழ்விளிம்பைத் திருப்பித் தையலைப் பார்ப்பாள். தாய்மார் சிலர் இதற்காகவே அவளைக் கண்டால் எதிர்ப்பக்கத்துக்கு மாறி நடக்கிறார்கள்.

இந்தக் கூட்டுப் பின்னல் அறுபத்தெட்டாம் ஆண்டு, ஆஸ்பத்திரிப் பிள்ளைப்பேற்று வாட்டில் தொடங்கியது. பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில் மூன்று பேர். புளியந்தீவு மார்கிறட், வவுணதீவு சீதேவிப்பிள்ளை, காத்தான்குடி சபூரா. மூவருக்கும் அது தலைப்பிள்ளை. மார்கிறட்டின் கையில் ஒரு சோடி ஊசி இருந்தது. மற்ற இருவரும் தாங்களும் பழக வேண்டும் என்றார்கள். இருப்பது ஒரு சோடி. ஆகவே ஆளுக்கு ஒரு போக்கு, ஒரு வரவு என்று முறை வைத்துக்கொண்டார்கள். ஒருத்தி ஒரு வரி போய், ஒரு வரி திரும்பி வந்ததும் அடுத்தவளுக்குக் கொடுப்பாள். அப்படி மூன்று பேர் கையாலும் மூன்று சோடிக் காலுறை முடிந்தது.

பிறகு ஆளுக்குப் பத்துச் சோடி ஊசி வந்தது. ஆனாலும் சனிக்கிழமை மார்கிறட் வீட்டில் கூடும்போது பொதுவாக ஒரு பின்னல் இருக்கும். அதற்குப் பழைய சட்டம்தான். ஒருத்தியின் வரியை மற்றவள் பின்னக் கூடாது. ஆள் வரவில்லையென்றால் பின்னல் காத்திருக்கும். சீதேவிப்பிள்ளையின் தகப்பன் கதிர்காமத்தம்பி செத்தபோது முப்பத்தொரு நாளும் காத்திருந்தது. மற்ற நேரத்தில் சீதேவிப்பிள்ளை தலையணை உறையில் பூ தைப்பாள், மார்கிறட் மெசினில் சட்டை அடிப்பாள், சபூரா இருவருடைய வேலையிலும் பிழை பிடிப்பாள். விற்பதற்கு அவர்கள் ஒன்றும் செய்ததில்லை. "விக்கத் தொடங்கினா மறுகா சிரிக்க நேரமில்ல," என்பது சபூராவின் பேச்சு.

நூலும் சபூரா கொண்டுவருவதுதான். அவளுடைய தம்பி முஹம்மட் தறி வைத்திருந்தான். அங்கே மிஞ்சுகிற நூலைப் பெரிய வளையமாகச் சுற்றிச் சிட்டமாகக் கட்டிக் கொடுப்பான். சிட்டத்தை அப்படியே வைத்துப் பின்ன முடியாது, சிக்குப்படும். ஒருத்தி இரண்டு கையையும் நீட்டி அதை மாட்டிக்கொள்ள, மற்றவள் உருண்டையாகச் சுற்ற வேண்டும். மார்கிறட் சுற்றினால் நூலின் உயிர் போய்விடும் என்று அவளைச் சுற்ற விடுவதில்லை. இருபத்திரண்டு வருசமும் கை நீட்டி இருப்பதுதான் அவள் வேலை.

தொண்ணூறாம் ஆண்டு ஆனி மாதம், சபூராவின் மகளுக்கு ஐந்து மாதம். வரப்போகிற பிள்ளைக்கென்று ஒரு சட்டை தொடங்கினார்கள். இரண்டாம் சனிக்கிழமை, சபூராவின் முறை நடந்துகொண்டிருந்தபோது பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. வரியின் நடுவில் ஊசியை வைத்துவிட்டு எழும்பினாள்.

"மிச்சத்த வாற கிழமை போடுறன். ஒருத்தரும் தொடப்படா."

திங்கட்கிழமை ஆமிக்கும் இயக்கத்துக்கும் சண்டை தொடங்கியது. ஆவணியில் காத்தான்குடிப் பள்ளிவாசலில் தொழுகையின்போது இயக்கம் சுட்டதை இந்தப் பக்கத்து ஆட்களுக்கு எழுதிக் காட்டத் தேவையில்லை. அதிலே முஹம்மட் போனான். அடுத்த மாதம் மார்கிறட்டின் சின்னம்மா மகனை அகதி முகாமிலிருந்து ஆமிக்காரர் ஏற்றிக்கொண்டு போனார்கள். அவனைப் பற்றி இன்றுவரை தகவல் இல்லை. காத்தான்குடி நாலு மைல்தான். அந்த நாலு மைலில் இந்தப் பக்கத்து ஆட்கள் அங்கே போகவில்லை, அந்தப் பக்கத்து ஆட்கள் இங்கே வரவில்லை. பிறகு பஸ் ஓடத் தொடங்கியது. அப்போதும் சபூரா வரவில்லை.

"ஒருக்காப் போய்ப் பார்த்திட்டு வாவன்," என்று நான் ஒருமுறை மார்கிறட்டிடம் சொன்னேன்.

"எந்த முகத்தோட போற சித்தப்பா? அவட தம்பியச் சுட்டது எங்கட ஆக்கள். நான் போய் வாசல்ல நிண்டு, சட்டையை முடிக்க வாகா எண்டு கேக்கிறதா?"

தபாலட்டை ஒன்று எழுதினாள். 'அன்புள்ள சபூராவுக்கு' என்பதற்குக் கீழே எழுத ஒன்றும் வரவில்லை. அந்த அட்டையை இரண்டாக மடித்துத் தையல் நூல் சுற்றி வைத்திருக்கிறாள்.

சீதேவிப்பிள்ளை மட்டும் ஆமி பாலத்தைத் திறந்துவிடுகிற சனிகளில் வாவிக்கு அப்பால் படுவான்கரையிலிருந்து வருவாள். சோதனைச்சாவடியில் பையைக் கொட்டிக் காட்ட வேண்டும் என்பதால் கத்தரிக்கோல் கொண்டுவருவதில்லை, நூலைப் பல்லால் கடிப்பாள். அறுபத்தெட்டில் அவள் பெற்ற மகன் எங்கே என்று யாரும் கேட்பதில்லை, அவளும் சொல்வதில்லை. மார்கிறட்டின் மகன் கனடாவில். அவனுக்குக் குளிர்ச்சட்டை பின்னிக் கொடுக்க இங்கே நூல் இல்லை. கடைகளில் நூல் இல்லாத காலத்தில் மார்கிறட் கோதுமை மாச்சாக்கின் தையலை உருவி அந்த நூலில் பின்னினாள். தகரத்துக்குள் முஹம்மட் கட்டிய சிட்டம் இரண்டு முழுதாகக் கிடந்தன. அவற்றைத் தொடவில்லை.

"அந்தப் புள்ள இப்ப நடந்து திரியும். இந்தச் சட்டை அதின்ட முழங்கைக்கும் காணாது. முடிச்சுத் தொலையன்கா," என்பாள் சீதேவிப்பிள்ளை.

"அவட வரி."

போன மாரியில் ஒரு பிழை நடந்தது. வெடிச்சத்தம் கேட்டுக் கை அதிர்ந்ததில், ஊசி மாற்றும்போது சபூரா பின்னின பக்கத்தில் ஒரு கண்ணி வழுவி விழுந்தது. விழுந்த கண்ணி நிற்காது, கீழ்வரிகளையும் அவிழ்த்துக்கொண்டு இறங்கும். கொண்டையூசியால் அதைக் கொழுவி இரண்டு வரி மேலே ஏற்றி ஊசியில் மாட்டினாள். வேறு வழியில்லை. ஆனால் அந்த இரண்டு கண்ணியும் அவள் கையின் இறுக்கத்தோடு ஏறிவிட்டன. சபூராவின் கை தளர்ந்த கை. இளகிய வரிகளுக்கு நடுவில் அந்த இடம் தழும்பு மாதிரித் தெரிந்தது. அன்று நான் போனபோது மார்கிறட் செத்தவீட்டுக்காரி போல இருந்தாள். "நம்பிக் குடுத்திட்டுப் போன பொருள், சித்தப்பா," என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தாள்.

அப்படியான ஒரு சனிக்கிழமை நான் சட்டைக்குப் பொத்தான் தைக்கக் கொடுத்துவிட்டு அங்கே இருந்தேன். ஊசி துடைக்கிற நேரம். சீதேவிப்பிள்ளை இளைக்க இளைக்க வந்தாள்.

"சபூரா ஆஸ்பத்திரியில நிக்காகா. மகள்ர புள்ளைக்குக் காய்ச்சலாம். வியாழக்கிழமையிலிருந்து வாட்டில."

மார்கிறட்டின் கையில் துணி நின்றது. "என்னைக் கேட்டாவா?"

"நீ உசிரோட இரிக்கியோண்டும் கேக்கல்ல. அந்தத் தகரம் இரிக்காண்டு மட்டும் கேட்டா."

மார்கிறட் தகரத்தை மூடிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வெளிக்கிட்டாள். செருப்புப் போட மறந்துபோனாள். சீதேவிப்பிள்ளை செருப்பைத் தூக்கிக்கொண்டு பின்னால் ஓடினாள். பொத்தான் இல்லாத சட்டையோடு நானும் போனேன்.

வாட்டு விறாந்தையின் வாங்குப் பலகையில் சபூரா இருந்தாள். முக்காட்டுக்குள் முகம் பாதியாகிவிட்டது. மடியில் இரண்டரை வயதுப் பெண்பிள்ளை, காய்ச்சல் விட்ட சோர்வோடு. மார்கிறட் வாங்கின் மறுநுனியில் இருந்தாள். நடுவில் இரண்டு ஆள் இருக்கிற இடம். மார்கிறட் அந்த இடத்தில் தகரத்தை வைத்து மூடியைத் திறந்தாள்.

சபூரா கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு பின்னலை எடுத்தாள். பெருவிரலால் வரிவரியாகத் தடவிக்கொண்டு வந்தவள் ஓரிடத்தில் நிறுத்தினாள்.

"இது என்ட கையில்ல."

"ஒரு கண்ணி வழுகித்து. போன மாரியில. நான்தான் எடுத்துவிட்ட."

"இறுகிக் கிடக்கு."

"ஓம்."

தாதி ஒருத்தி தட்டத்தோடு எங்களைக் கடந்து போனாள்.

"மத்ததெல்லாம்?" என்றாள் சபூரா.

"தொடல்ல. ரெண்டு சிட்டமும் கிடக்கு. உன்ட தம்பி கட்டின முடிச்சோட."

சபூரா தகரத்துக்குள் பார்த்தாள். சிட்டத்தின் முடிச்சை ஒரு விரலால் தொட்டாள். "வீட்டில ஒரு நூலும் மிஞ்சல்ல புள்ள. தறியோட எரிஞ்சிட்டு. தம்பிட நூலெண்டு இப்ப இதுதான் இரிக்கி." முக்காட்டை முகத்துக்கு இழுத்துக்கொண்டாள்.

பிறகு பேத்தியைச் சீதேவிப்பிள்ளையிடம் கொடுத்துவிட்டு ஊசியைப் பிடித்தாள். முப்பத்தைந்து கண்ணிகள். முதல் பத்து மெதுவாகப் போயின, அதற்குப் பிறகு பழைய வேகம் வந்தது. மார்கிறட்டின் உதடு எண்ணிக்கொண்டிருந்தது. வரி முடிந்ததும் சபூரா பின்னலைப் பிள்ளையின் நெஞ்சில் வைத்து அளந்து பார்த்தாள். ஒரு தோளிலிருந்து மறு தோளுக்கே எட்டவில்லை.

"கழுத்தில கட்டிச் சோறு தீத்தலாம்," என்றாள் சீதேவிப்பிள்ளை.

சபூராவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாயை முந்தானையால் பொத்திக்கொண்டு குலுங்கினாள். சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்தாள்.

"உருவிப்போட்டு இவட அளவுக்குத் தொடங்குவம். என்னகா?"

மார்கிறட் தகரத்தை வாங்குக்குக் கீழே தள்ளிவிட்டு, நடுவிலிருந்த இடத்துக்கு நகர்ந்து வந்தாள். சபூரா ஊசியை உருவி நூல்நுனியை இழுக்கத் தொடங்குமுன்பே, இரண்டு கையிலும் காப்புகளை முழங்கைவரை ஏற்றிக்கொண்டு, ஒரு முழ இடைவெளியில் நூலுக்குக் கைகளை நீட்டினாள்.