வெங்காயம் தூவிய பியெரோகி

நேற்று அம்மாவின் திதி. எங்கள் ஊரான செலண்டாரில் தங்கை மாலதி வீட்டுப் படியேறும்போதே சின்ன வெங்காயம் பொரியும் வாசம் மூக்கில் ஏறியது. அந்த வாசத்துக்கும் எனக்கும் உள்ள பகை, உங்களிடம் சொல்வதற்கென்ன, போலந்து நாட்டில் ஆரம்பித்தது.

அப்போது எனக்கு கிராக்கோ நகரத்தில் ஆபீஸ் வேலை. பெரிய உத்தியோகம் என்று நினைத்துவிடாதீர்கள், போட்டிருந்த கோட்டு மட்டும்தான் பெரியது. மத்தியானச் சாப்பாடு பால் பாரில். பார் என்றதும் கண்ணை விரிக்க வேண்டாம். கூலியாட்களும் பென்ஷன் கிழவர்களும் சாப்பிடுகிற மலிவுக் கடை அது, குடிக்க மோர்தான் கிடைக்கும். அவித்த முட்டைக்கோஸ் நாற்றம், ஈரக் கம்பளி நாற்றம், ரத்தச் சிவப்பில் பீட்ரூட் சூப். நான் தினமும் தின்றது பியெரோகி. மாவுக்குள் கிழங்கு மசாலா வைத்து மடித்த நம் கறிபாப்பைப் பொரிக்காமல் தண்ணீரில் அவித்தால் எப்படி இருக்கும்? அதுதான். உள்ளே உருளைக்கிழங்கும் பாலாடைக்கட்டியும். மேலே பொன்னிறமாக, மொறுமொறுவென்று ஏதோ தூவியிருப்பார்கள்.

அந்த ஊர் மொழி எனக்கு வராது. அதே ஆபீஸில் மூத்தவரான, எங்கள் பக்கத்துச் செர்காம் ஊர்க்காரர் குணா அண்ணன்தான் எனக்கும் சேர்த்து ஆர்டர் சொல்வார். அம்மாவுக்கு மார்பில் கட்டி, ஆபரேஷன் என்று மாலதி போன் செய்தாள். அம்மா எழுந்து நடக்கும்வரை கவிச்சி தொடமாட்டேன் என்று மாரியம்மனுக்கு வேண்டிக்கொண்டு, அண்ணனிடமும் சொல்லிவைத்தேன்.

“கவலப்படாத தம்பி. இது சைவம்தான்லா. மேல இருக்கிறது பொரிச்ச வெங்காயம். நல்லா சாப்புடு.”

நம்பினேன். விரதத்துக்கு என்ன சாப்பிடுகிறேன் என்று மாலதிக்கும் போனில் விளக்கினேன். நெற்றி நிறையத் திருநீறு பூசி, பனியில் வழுக்கி விழுந்து கடைக்குப் போவேன். கண்ணை மூடி அம்மாவை நினைத்துத்தான் முதல் வாய். எதிரே குணா அண்ணன் தலையைக் குனிந்துகொண்டு தோள் குலுங்கச் சூப் குடிப்பார். புரையேறியிருக்கும் போல என்று நினைப்பேன். அவ்வளவு புத்திசாலி நான்.

அம்மா எழுந்து நடக்கவில்லை. செய்தி வந்த மத்தியானம் அதே மேசையில் உட்கார்ந்து, “இவ்வளவு விரதம் இருந்தும் மாரியாத்தா கைவிட்டுட்டாளேண்ணே” என்று அழுதேன்.

அவர் என் தட்டிலிருந்து ஒரு மொறுமொறுப்பைக் கரண்டியில் எடுத்துக் காட்டினார்.

“விரதமா? இது பன்னிக் கொழுப்புடா. நீ கண்ண மூடி சாமி கும்புட்டுத் திங்கிறத சொல்லிச் சொல்லி ஆபீஸே சிரிச்சிச்சி. சும்மா வெளையாட்டுக்குத்தான்லா.”

கடை வாசலில் பனிமேல் வாந்தி எடுத்தேன். அந்த மனிதரை இன்றுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை.

ஊர் வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. மாலதி என்னைக் கட்டிக்கொண்டு, “நீ விரதம் இருந்ததாலதாண்ணே அம்மா வலி தெரியாம போனாங்க” என்று அழுதாள். அவளுக்கு இருந்த ஆறுதல் அது ஒன்றுதான். அதையும் பிடுங்க மனமில்லாமல் அவள் முதுகைத் தட்டிக்கொடுத்தேன்.

அந்தப் பால் பார் இப்போது இல்லை, போன் கடையாகிவிட்டதாம். குணா அண்ணன் எங்கே இருக்கிறாரோ தெரியாது. மாலதி மட்டும் ஒவ்வொரு திதிக்கும் பியெரோகி செய்கிறாள். நேற்றும் வெங்காயத்தைப் பொரித்துத் தூவி, வந்திருந்த உறவுக்கெல்லாம் என் விரதக் கதையைச் சொல்லி, அம்மா படத்துக்கு முன்னால் இலையில் முதலில் அதைத்தான் வைத்தாள்.

“அம்மாவ நெனச்சிக் கும்புட்டுக்கோண்ணே.”

கண்ணை மூடினேன். அம்மாவின் முகம் வரவில்லை. குலுங்குகிற அந்தத் தோள்தான் வந்தது.