பிண்டிக்குக் கட்டிய பெட்டி

பெட்டி கட்டிய அன்று வீட்டில் இருந்தவர்கள்: என் வீட்டுக்காரரின் தாயாரான அத்தை, அவருடைய மூத்த மகனான என் மூத்தார், மூத்தாரின் மனைவி, எட்டு மாதக் குழந்தை வள்ளி, நான். இந்த ஐந்து பேர்தான். முதலிலேயே எழுதி வைத்துவிடுகிறேன். பின்னால் கேட்டபோது ஆளாளுக்கு "நான் அன்னிக்குக் காட்டுக்குப் போயிட்டேனே" என்று சொல்லிவிட்டார்கள்.

ராவல்பிண்டிக்கு வந்து எட்டு வருஷம் ஆகிறது. தை மாதக் காலையில் முற்றத்துக் குடத்தைச் சாய்த்தால் தண்ணீர் வராது. மேலே கண்ணாடிச் சில்லு போல உறைந்து கிடக்கும், கரண்டிக் காம்பால் குத்தி உடைத்துத்தான் மொள்ள வேண்டும். அதே முற்றத்தில் வைகாசியில் வெறுங்காலை வைத்தால் கொப்புளம். நாமக்கல்லுக்கு இதை எழுதினால் புளுகு என்கிறார்கள். இங்கே பக்கத்து வீட்டுக்காரியிடம், எங்கள் ஊரில் மார்கழியிலும் உச்சிப் பொழுதில் வேர்க்கும் என்றால் அவளும் "ஜூட்" என்கிறாள். பொய் என்று அர்த்தம். இரண்டு ஊரிலும் எனக்குப் பொய்க்காரி என்று பேர்.

என் வீட்டுக்காரர் இங்கே ஒரு காண்டிராக்டரிடம் லாரி ஓட்டுகிறார். எங்களைக் கூட்டிவரச் சொல்லி அவர் போட்ட கடிதத்தில், கனத்த போர்வை கட்டாயம் வேண்டும், குழந்தைக்கு இரண்டாக இருக்கட்டும் என்று எழுதியிருந்தார். மூன்றாம் வகுப்போடு நின்றவள் ஆனாலும் அந்த வரியை எழுத்துக் கூட்டிப் பலமுறை படித்தேன். அன்று முதல் தூக்கமில்லை. வெண்ணெய் விற்ற காசில் சந்தையில் ஆட்டுக்காரனிடம் கறுப்புக் கம்பளி ஒன்று வாங்கி, மூன்று நாள் வெயிலில் போட்டு உதறிப் பெட்டியின் அடியில் மடித்து வைத்தேன். ஒன்றுக்குத்தான் காசு இருந்தது.

அதைப் பார்த்ததிலிருந்து அத்தைக்குப் பொறுக்கவில்லை.

"ஏம்புள்ள, ஆட்டுப் பட்டியில படுக்கறவன் போத்தறத எம்பேத்திக்குப் போத்துவியா? உண்ணி கடிச்சா அங்க எந்த வைத்தியன் இருக்கறான்?"

"குளுரு கொல்லுமாங்க அத்த. அவிய எழுதியிருக்கறாங்க."

"நாங்க காங்காத குளுரா? ரெண்டு சீலய மடிச்சுப் போட்டாச் செரியாப் போகுது. அங்க இருக்கற சனமெல்லாம் செத்தா போச்சு?"

மூத்தாரின் மனைவியான என் ஓரகத்தி முறத்தில் கம்பு புடைத்தபடியே, "இன்னம் போயே சேரல, அதுக்குள்ள சீமைக்காரி ஆயிட்டா" என்றாள்.

குழந்தைக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டிக் கொண்டுவருவதற்குள் பெட்டிக்குக் கயிறு போட்டாகிவிட்டது. பார வண்டிக்குப் போடுகிற முடிச்சு. மூத்தார் பெட்டிமேல் காலை ஊன்றி இழுத்து இறுக்கிக்கொண்டிருந்தார். பெட்டி நான் வைத்ததைவிட உப்பியிருந்தது.

"கம்பளி உள்ள இருக்குதுங்களா அத்த?"

"எல்லாம் இருக்குது, போ. புள்ளைக்குப் பால் குடு."

நம் பக்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரியும். மூத்தார் நிற்கிற இடத்தில் தம்பி பெண்டாட்டி நிமிர்ந்து பேசுவதில்லை. கல்யாணமாகி மூன்று வருஷத்தில் அவரிடம் நேராக ஒரு வார்த்தை நான் பேசியதில்லை. "அவுத்துக் காட்டச் சொல்லுங்க" என்று அத்தையிடம் சொல்லியிருக்கலாம். அவர் காதில் விழுமே என்று வாயை மூடிக்கொண்டேன். கதவைத் தாழிட்டோமா, விளக்கை அணைத்தோமா என்று பத்து முறை திரும்பிப் பார்க்கிற நான், அன்றைக்கு மட்டும் கேட்காமல் இருந்துவிட்டேன்.

துணைக்கு வந்தவர் சங்ககிரிக்காரர் செங்கோட அண்ணன், அதே காண்டிராக்டரிடம் வண்டி ஓட்டுபவர். மார்கழிக் கடைசியில் சேலத்தில் ரயில் ஏறி, சென்னையில் மாறினோம். அவருக்கு ஆண்கள் வண்டி. எனக்கும் குழந்தைக்கும் பெட்டிக்கும் நாலு வண்டி தள்ளிப் பெண்கள் வண்டி. கண்ணாடியில்லாத பலகை ஜன்னல், எத்தனை இழுத்தாலும் இரண்டு விரல் சந்து நிற்கும். மறுநாள் சாயங்காலம் நாகபுரியில், அந்தச் சந்தில் வந்த காற்று வேறு மாதிரி இருந்தது. குழந்தை தும்மியது. தண்ணீர் கொண்டுவந்த செங்கோட அண்ணனைக் கயிற்றை அறுக்கச் சொன்னேன்.

உள்ளே என் சீலைகளுக்கு மேல் இரண்டு படி கம்பு, பதினோரு தேங்காய், புளி, தலைக்குத் தேய்க்கிற அரப்புப் பொடி, ஒரு பனை விசிறி. கம்பளி இல்லை.

"என்னம்மிணி, பிண்டியில தேங்காக் கட போடறதுக்கா போறோம்?" என்று அவர் சிரித்தார். என் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. தம் துண்டைக் கொடுத்துவிட்டு ஓடினார், வண்டி நகர்ந்துவிட்டது.

விடியும் நேரத்தில் வள்ளி அழுகையை நிறுத்திவிட்டாள். அதுதான் பயமாக இருந்தது. என் சீலைகள் மூன்று, அந்தத் துண்டு எல்லாவற்றையும் சுற்றியும் கை கால் சில்லிட்டு, உதடு நாவல்பழ நிறமாகிவிட்டது. எதிர்ப் பலகையில் ஒரு பெரிய பெண்பிள்ளை இரண்டு ரஜாய்க்குள் உட்கார்ந்து பீடி குடித்துக்கொண்டிருந்தாள். ரஜாய் என்றால் பஞ்சு அடைத்துத் தைத்த போர்வை. ராத்திரி முதல் என்னைப் பார்த்து ஏதோ திட்டிக்கொண்டே வந்தவள், திடீரென்று எழுந்து "மர் ஜாயேகி" என்று கத்தி, குழந்தையை என் மடியிலிருந்து பிடுங்கினாள். குழந்தை செத்துப்போகும் என்று அவள் சொன்னதை இங்கே வந்து பாஷை பழகின பிறகுதான் தெரிந்துகொண்டேன். அப்போது பிள்ளை பிடிக்கிறவள் என்றே நினைத்தேன். அவள் மயிரைப் பிடித்து இழுத்தேன். அவள் ஓங்கி என் கன்னத்தில் ஒன்று வைத்தாள். வண்டியில் இருந்த மற்றப் பெண்கள் வேடிக்கை பார்த்தார்கள். ஒருத்தி சிரித்தாள்.

நான் சுற்றியிருந்த சீலைகளை அவள் உருவி எறிந்துவிட்டு, குழந்தையை வெறும் உடம்போடு தன் மார்பில் சேர்த்து இரண்டு ரஜாயையும் மூடிக்கொண்டாள். நான் அவள் காலடியில் உட்கார்ந்து ரஜாயின் ஓரத்தைப் பிடித்தபடியே இருந்தேன். வெயில் ஏறியபின் உள்ளேயிருந்து சிணுங்கல் கேட்டது. பிறகு நல்ல அழுகை. அவள் பிள்ளையை என் மடியில் போட்டாள், ஒரு ரஜாயையும் போட்டாள், ஐந்து விரலை முகத்துக்கு நேரே நீட்டினாள்.

ஐந்து ரூபாய். புதிதாகத் தைத்தாலும் மூன்றைத் தாண்டாத சாமான். அது எண்ணெய்ப் பிசுக்கேறிய பழசு. முந்தானை முடிச்சில் இருந்தது இரண்டு ரூபாய். கொடுத்தேன். தேங்காய் இரண்டை நீட்டினேன். ஒன்றைக் காதோரம் ஆட்டிப் பார்த்து, முகம் சுளித்து, இரண்டையும் வாங்கி மூட்டையில் போட்டாள். அப்புறமும் மூன்று விரல் நீட்டினாள். செங்கோட அண்ணனிடம் வாங்கித் தருகிறேன் என்று கையை ஆட்டிச் சொன்னேன். அவளுக்கு விளங்கியதோ என்னவோ. ஜான்சியில் இறங்கினாள். வண்டி கிளம்பும் வரை ஜன்னல் சந்தில் மூன்று விரலை விட்டு வைதுகொண்டே நின்றாள். செங்கோட அண்ணன் கூட்டத்தில் முண்டி என் வண்டிக்கு வந்து சேருமுன் ரயில் ஊதிவிட்டது.

இரண்டு வருஷம் கழித்து ஊருக்குப் போனேன். கம்பளி எருமைக் கன்றின் முதுகில் கிடந்தது. கேட்டேன்.

"புள்ள நல்லாத்தான இருக்குது?" என்றார் அத்தை. "அப்பறம் என்ன கணக்கு? அந்தக் கம்பு என்னாச்சு, தின்னீங்களா இல்லியா?"

தின்றோம் என்றேன். உண்மையில் அது வண்டு விழுந்து போனது. அதற்குப்பின் மூத்தார் இருக்கும்போதும் நான் வாயைத் திறந்து பேசுகிறேன். அதற்காக அவர் இன்றுவரை என் கையால் தண்ணீர் வாங்கிக் குடிப்பதில்லை. குடிக்க வேண்டாம்.

வடக்கே வருகிற பெண்களுக்குச் சொல்கிறேன்: உங்கள் பெட்டியை நீங்களே கட்டுங்கள், கயிற்றையும் நீங்களே போடுங்கள். அதிகமாக யாரையும் நம்பவேண்டாம்.

வள்ளிக்கு இப்போது வயது எட்டு முடிந்துவிட்டது. என்னிடம் பஞ்சாபியில் சண்டை போடுகிறாள். ஊருக்குப் போகும்போது ஜான்சியில்தான் அந்தப் பெண்பிள்ளை கொடுத்த ரஜாயை மடித்து மூட்டையில் திணிப்பேன். திரும்பி வரும்போது ஜான்சியில்தான் அதை உதறிப் பிரிப்பேன். ஒவ்வொரு தடவையும் இறங்கி நின்று பார்க்கிறேன். பீடி குடிக்கிற ஒவ்வொருத்தியும் அவளாகத் தெரிகிறாள். நாமக்கல்லில் நான் யாருக்கும் ஒன்றும் தரவேண்டியதில்லை, பிண்டியிலும் இல்லை. இரண்டுக்கும் நடுவே, பேர் தெரியாத அவளுக்கு, அநியாய விலைதான் என்றாலும் அவள் சொன்ன விலைப்படி, இன்னும் பாக்கி மூன்று ரூபாய்.