நாலாவது பலகை

நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். இது எனக்கு நடந்தது. அதுவும் பட்டப்பகலில், மத்தியானம் 2.40-க்கும் 3.10-க்கும் நடுவில். பேய் என்றால் நடுராத்திரியில்தான் வரும் என்று யார் சொன்னார்களோ தெரியவில்லை. நான் வேலை செய்த அறையில் ஜன்னலே கிடையாது. அங்கே பகலுக்கும் ராத்திரிக்கும் வித்தியாசம் இல்லை.

முதலில் என் வேலையைச் சொல்லிவிடுகிறேன். சினிமாவில் கதாநாயகன் நடந்து வருவான். டக், டக் என்று காலடி கேட்கும். அது அவனுடைய காலடி இல்லை. என்னுடையது. திரையில் அவன் நடப்பதைப் பார்த்துக்கொண்டே, மைக் முன்னால் அதே தாளத்தில் நான் நடப்பேன். கதாநாயகி கொலுசோடு ஓடினாலும் நான்தான். குதிரை ஓடினாலும் நான்தான். இருபத்திரண்டு வருடமாக ஊராருக்கெல்லாம் நான்தான் நடந்திருக்கிறேன்.

இதனால் எனக்கு ஒரு தலைக்கனம் உண்டு. யார் நடந்தாலும் கண்ணை மூடிக்கொண்டு ஆளைச் சொல்லிவிடுவேன். "பொண்டாட்டி கூப்பிட்டா மட்டும் அந்தக் காது கேக்காது" என்பாள் என் மனைவி.

அந்தக் காதுதான் ஒரு மனிதனைச் சிறைக்கு அனுப்பியது.

சம்பவத்துக்குப் பதினான்கு மாதம் முன்பு எங்கள் ஒலிக்கூடத்தில் விலையுயர்ந்த மைக் ஒன்று காணாமல் போனது. அறையின் மூலையில் ஒரு அலமாரி. அதில்தான் மைக்குகள் இருக்கும். அன்று மாலை வேலை முடிந்து கிளம்பும்போது பதிவுக் கருவியை நிறுத்த மறந்துவிட்டோம். திருடன் வந்து போனது அப்படியே பதிவாகியிருந்தது. கதவு திறக்கும் சத்தம். பிறகு டக். டக். டக். சர்ர்... டக். டக். அலமாரி திறக்கும் சத்தம். அதே நடையில் திரும்பிப் போகும் சத்தம். அவ்வளவுதான்.

போலீஸ்காரர் எங்கள் இருவரையும் உட்காரவைத்து அதைத் திரும்பத் திரும்பப் போட்டுக் காட்டினார். என்னையும், ஒலிப்பதிவு செய்யும் தம்பியையும். தம்பி கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து பதிவு செய்பவன். ஆறு வருடமாக என்னோடு இருப்பவன்.

"எனக்குச் சரியாத் தெரியல. அண்ணன்தான் சொல்லணும்" என்றான் அவன்.

எங்கள் வாட்ச்மேனுக்கு வலது காலில் பழைய அடி. அந்தக் காலைத் தேய்த்துத்தான் நடப்பார். அந்தச் 'சர்ர்' கேட்டதுமே எனக்குச் சந்தேகம் போய்விட்டது.

"வாட்ச்மேன் நடை சார் இது" என்றேன்.

"நிச்சயமாத் தெரியுமா?"

"என் காது தப்பாது சார்."

வாசலில் நின்றிருந்த வாட்ச்மேன் என்னைப் பார்த்தார். கோபமே இல்லை. "நான் இல்ல சார்" என்றார். அதுவும் போலீஸ்காரரிடம் இல்லை, என்னிடம்.

அவருக்கு ஜாமீன் கொடுக்க ஆள் கிடைக்கவில்லை. உள்ளேயே இருந்தார். நானும் நாளடைவில் மறந்துவிட்டேன். வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் உண்மை அதுதான்.

பதினான்கு மாதம் கழித்து நீதிமன்றத்திலிருந்து எனக்குக் கடிதம் வந்தது. வருகிற திங்கட்கிழமை நான் சாட்சிக் கூண்டில் ஏறி, 'இவர் நடைதான்' என்று மறுபடி சொல்ல வேண்டும். வழக்கே என் ஒரு வார்த்தையில்தான் நின்றது.

அதற்கு முந்தைய வியாழக்கிழமை ஒரு புதுப் படத்துக்கு வேலை. த்ரில்லர் படம். செய்யாத கொலைக்காக ஒருவனைப் பிடித்துக்கொண்டு போகிறார்கள். ஒரு சாட்சி கையை நீட்டி "இவன்தான்" என்கிறான். அதோடு அவன் கதை முடிந்தது. அன்று நாங்கள் எடுத்துக்கொண்ட காட்சியில் அவனைச் சிறைத் தாழ்வாரத்தில் நடத்திக் கூட்டிப் போகிறார்கள். நாற்பது வினாடி. வசனம் இல்லை, இசை இல்லை. காலடி மட்டும்.

லாக்கப்பில் ஷூ லேஸை உருவிக்கொள்வார்கள் இல்லையா? அதனால் நானும் லேஸ் இல்லாத பழைய ஷூ ஒன்றைப் போட்டுக்கொண்டேன். அறை நடுவே ஒரு சிமென்ட் பாளம். அதன் மேல்தான் நடக்க வேண்டும். ஏசி அணைத்தாயிற்று. கதவு மூடியாயிற்று. கதவுக்கு மேலே, பதிவு நடப்பதைக் காட்டும் சிவப்பு விளக்கு எரிந்தது.

மணி 2.40.

நடந்தேன். திரையில் கதாநாயகன் கம்பிக் கதவு முன்னால் நின்றான். நானும் நின்றேன்.

தம்பியின் குரல் ஸ்பீக்கரில் வந்தது. "அண்ணே, ரெண்டு ஸ்டெப் கூட வருது."

"எனக்கு இருக்கறதே ரெண்டு கால்தான்டா. கூட எங்கேருந்து வரும்?"

"நீங்களே கேளுங்க."

போட்டுக் காட்டினான். கதாநாயகன் நின்ற பிறகு, தூரத்தில், கதவுப் பக்கம்... டக். சர்ர்.

லேஸ் இல்லாத ஷூ இழுபட்டிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். நினைத்துக்கொள்வதில் என்ன செலவு?

2.52. இரண்டாவது முறை. இந்தத் தடவை கதாநாயகன் நின்றதும் நான் மூச்சைக்கூடப் பிடித்துக்கொண்டு அசையாமல் நின்றேன். அறையில் எதுவும் கேட்கவில்லை. ஆனால் பதிவில் நாலு அடி இருந்தது. ஒவ்வொரு அடிக்கும் பின்னால் ஒரு இழுப்பு. டக், சர்ர். டக், சர்ர்...

"வெளிய யாராவது நடக்கறாங்களா பாரு" என்றேன்.

"யாரும் இல்ல அண்ணே. எல்லாரும் சாப்பிடப் போயிட்டாங்க." அவன் குரல் சரியாக இல்லை. "விட்ருவோமா? நாளைக்கு எடுத்துக்கலாம்."

ஆறு வருடத்தில் அவன் வேலையைத் தள்ளிப்போட்டதே இல்லை. எனக்கு எரிச்சலாக வந்தது. "இன்னொரு தடவை போடு" என்றேன். ஹெட்போனை எடுத்து மாட்டிக்கொண்டேன்.

3.04.

நடந்தேன். நின்றேன். தம்பி படத்தையும் பதிவையும் நிறுத்தாமல் ஓடவிட்டான்.

ஹெட்போனில் கதவு திறக்கும் சத்தம் கேட்டது.

திரும்பிப் பார்த்தேன். கதவு மூடியே இருந்தது. சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

டக்... சர்ர்.

டக்... சர்ர்.

டக்... சர்ர்.

க்ரீ...ச்.



அந்த 'க்ரீச்'சைப் பற்றிச் சொல்ல வேண்டும். கதவிலிருந்து அலமாரி வரைக்கும் மரத்தளம். அதில் நாலாவது பலகையின் ஆணி தளர்ந்துபோயிருந்தது. மிதித்தால் கத்தும். தளத்தைப் பிரித்துச் சரிசெய்ய முதலாளிக்கு மனசு வரவில்லை. அதனால் நானும் தம்பியும் அதைத் தாண்டியே நடப்போம். பழகிப்போய், கால் தானாகத் தாண்டும். மூளைக்குத் தெரியவே தெரியாது.

அந்தப் பலகையைப் பார்த்தேன்.

அது அமுங்கியிருந்தது. ஒரு ஓரம் தாழ்ந்து, மறு ஓரம் விரல் அளவு தூக்கியிருந்தது.

மேலே யாரும் இல்லை.

பிறகு பலகை மெல்ல மேலே வந்தது.

டக்... சர்ர்.

என்னை நோக்கி.

டக்... சர்ர்.

ஒரு கை தூரத்தில் நின்றது.

ஓட நினைத்தேன். கால் வரவில்லை. ஊருக்கெல்லாம் நடந்த கால்...

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தம்பியைப் பார்த்தேன். அவன் என்னைப் பார்க்கவில்லை. எனக்குப் பக்கத்தில் பார்த்துக்கொண்டிருந்தான்.

அலமாரிக் கதவு திறந்தது.

தானாக.

மைக் இருந்த இடம் காலியாகத் தெரிந்தது.

பிறகு காலடி திரும்பியது. சர்ர்... சர்ர்... மறுபடியும் அதே பலகை.

க்ரீ...ச்.

அமைதி.

சிவப்பு விளக்கு அணைந்தது. மணி 3.10.

 பயம் கொஞ்சம் இறங்கியதும் ஒரு விஷயம் மண்டையில் உறைத்தது. திருடன் வந்த அன்றைய பதிவை நான் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். டக். டக். டக். சர்ர். டக். டக். அதில் ஒரு வழிக்கு ஒரே ஒரு இழுப்புத்தான். வாட்ச்மேன் நடந்தால் அடிக்கு அடி இழுக்க வேண்டும். அதோடு...

அதில் பலகை கத்தவே இல்லை.

"தம்பி, இப்ப எடுத்த பதிவை இன்னொரு தடவை போடு" என்றேன்.

"இல்ல அண்ணே."

"என்ன இல்ல?"

"கெட்டுப்போச்சு. அழிச்சிட்டேன்."

"யாரைக் கேட்டுடா அழிச்ச?"

 தலை வலிக்கிறது என்று சொல்லிக்கொண்டு பையை எடுத்தான். அவன் அறையிலிருந்து வெளியே போக, என் அறையைத் தாண்டித்தான் போக வேண்டும். என் முகத்தைப் பார்க்காமல் வேகமாகக் கதவை நோக்கி நடந்தான்.

டக். டக்.

அந்தப் பலகை வந்ததும், பழக்கம் விடுமா, காலை எட்டிப் போட்டான். பின்னால் வந்த காலின் ஷூ முனை தரையில் இழுபட்டது.

சர்ர்.

டக். டக். டக்.

 பதினான்கு மாதம் முன்பு கேட்ட இழுப்பு அதுதான். நொண்டிக் கால் இழுப்பு இல்லை. பலகையைத் தாண்டுகிற கால் இழுப்பு. அந்தப் பலகையைத் தாண்டிப் பழகியவர்கள் உலகத்திலேயே இரண்டு பேர். ஒருவன் நான். நான் எடுக்கவில்லை.

ஆறு வருடம் பக்கத்திலேயே இருந்தவனின் நடை. என் காது தப்பாதாம்! அந்தக் காதைப் பிடித்து அறைய வேண்டும்போல் இருந்தது.

அன்று சாயங்காலமே வாட்ச்மேன் வீட்டைத் தேடிப் போனேன். திங்கட்கிழமை உண்மையைச் சொல்லி அவரை வெளியே கொண்டுவந்துவிடுகிறேன் என்று அவர் மனைவியிடம் சொல்ல வேண்டும். வழியெல்லாம் அதைத்தான் மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். மணி 6.20 இருக்கும். ஒற்றை அறை வீடு. தையல் மெஷினில் உட்கார்ந்திருந்தார் அந்த அம்மா. என்னை அடையாளம் கண்டுகொண்டார். வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை.

"தப்பு பண்ணிட்டேன்மா. அவர் எடுக்கல. திங்கக்கிழமை கோர்ட்டுல சொல்லிடறேன்" என்றேன்.

அவர் மெஷினை நிறுத்தினார்.

"அவரு போயி பத்தொன்பது நாள் ஆச்சு சார்."

தைத்துக்கொண்டிருந்த துணியை மடித்து வைத்தார்.

"ரெண்டு தடவ உங்களப் பாக்க வந்தேன். கண்ணாடி ரூம் தம்பிதான் வெளிய வந்து, அண்ணன் ஊர்ல இல்லன்னு சொல்லி அனுப்பிச்சாரு."

"நான் ஊர்லதாம்மா இருந்தேன்... எதுக்கு வந்தீங்க?"

"அவரு கேட்டுட்டு வரச் சொன்னாரு. 'லைட்ட அணைக்க உள்ள போறப்பல்லாம் அந்த நாலாவது பலக கத்தும். எனக்குத் தாண்ட வராது. அந்த டேப்புல பலக கத்துச்சான்னு மட்டும் சாரக் கேளு. அவருக்குப் புரியும்'னாரு."



"இன்னைக்கு மத்தியானம்..." என்று ஆரம்பித்தேன். எப்படிச் சொல்வது? "இன்னைக்கு அவர் நடந்து வந்த மாதிரி கேட்டுச்சும்மா. அதே நடை. கால இழுத்து..."

அந்த அம்மா என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"எந்தக் கால சார்? புண்ணு முத்திப்போயி, ஜெயில் ஆஸ்பத்திரியில அந்தக் கால எடுத்து ரெண்டு மாசம் ஆச்சே. அதுக்கப்புறம் அவரு நடக்கவே இல்லையே."

திங்கட்கிழமை கூண்டில் ஏறினேன். "அவர் இல்லை, நான் சொன்னது தப்பு" என்றேன். நடையைப் பற்றி, பலகையைப் பற்றி எல்லாம் சொன்னேன். நீதிபதி பொறுமையாகக் கேட்டார். குற்றம் சாட்டப்பட்டவர் இறந்துவிட்டதால் வழக்கு முடிக்கப்படுகிறது என்றார். குற்றமற்றவர் என்று எந்தக் காகிதத்திலும் எழுதவில்லை. மொத்தம் பதினோரு நிமிடம். தம்பியோ வியாழக்கிழமைக்குப் பிறகு வேலைக்கு வரவில்லை. அவன் வீடு பூட்டிக் கிடக்கிறது. போன் அணைந்தே இருக்கிறது.

அந்தத் தாழ்வாரக் காட்சியை நான் முடிக்கவில்லை. வேறு ஒலிக்கூடத்தில், சிமென்ட் தரையில், வேறு ஒருவர் நடந்து கொடுத்தார். எங்கள் பதிவு எதுவும் அவர்களுக்குப் போகவில்லை. நான் விசாரித்தேன்.

போன மாதம் படம் வெளியானது. நானும் மனைவியும் போனோம். அவளிடம் நான் எதையும் சொல்லியிருக்கவில்லை.

அந்தக் காட்சி வந்தது. கதாநாயகன் நடந்தான். கம்பிக் கதவு முன்னால் நின்றான். தியேட்டரே அமைதியானது.

மனைவி என் கையைப் பிடித்தாள். அவள் விரல்கள் சில்லென்று இருந்தன.

"ஏங்க, அவன்தான் நின்னுட்டானே. அப்புறம் யாரு நடக்கறது?"

 மனதுக்குள் எண்ணிக்கொண்டிருந்தேன். ஒன்று. இரண்டு. மூன்று.

நாலாவது அடியில் அது கத்தியது.